ஓடாத கல்யாண வீடியோவுக்கு யார் பொறுப்பு?

விசிடி காலத்துக் கல்யாணம் இன்றும் ஓடுகிறது. 4கே காலத்துக் கல்யாணம்தான் ஓட மறுக்கிறது.

கேலிக்காகச் சொல்வதல்ல இது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் திருச்சி ஸ்டுடியோக்கள் கொடுத்த கல்யாண விசிடி ஒன்று கீறல் விழாமல் பீரோவில் கிடந்தால், டிஸ்க் டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். 352-க்கு 288 புள்ளிகள்தான். மாப்பிள்ளையின் மீசை எது, நிழல் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஓடும். உள்ளே இருப்பது 1990-களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட எம்பெக்-1. அதைப் படிக்கத் தெரியாத வீடியோ பிளேயரை இன்று தேடிப்பிடிப்பதே கடினம்.

போன தையில் நடந்த கல்யாணத்தின் கதை வேறு. மரப்பெட்டி, உள்ளே பட்டுத்துணி, அதன்மேல் மணமக்கள் பெயர் பொறித்த பென்டிரைவ். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலோ தில்லைநகரிலோ ஏதோ ஒரு வீட்டில் உறவினர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்ததும், டிவியின் பின்பக்கம் அதைச் செருகுகிறார்கள். சத்தம் வருகிறது, படம் கறுப்பாக நிற்கிறது. இன்னொரு வீட்டில் படம் வருகிறது, நாதஸ்வரம் ஊமையாகிவிடுகிறது. மற்றொரு வீட்டில் இரண்டும் ஒழுங்காக வந்து, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. பென்டிரைவைக் கண்ணாலேயே பார்க்காத டிவிகளும் உண்டு. ஸ்டுடியோவுக்குப் போன் போட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: “எங்க சிஸ்டத்துல சூப்பரா ஓடுதுங்க சார். உங்க டிவி பழசா இருக்கும்.”

இந்தப் பதிலை வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்வதுதான் ஆச்சரியம். மண்டபத்தில் எத்தனை அறைக்கு ஏசி, பந்தியில் எத்தனை கூட்டு, கெட்டிமேளத்துக்கு எத்தனை தவில் என்று விரல்விட்டு எண்ணிப் பேசுகிற குடும்பம், பெருந்தொகை கொடுத்து வாங்கும் வீடியோ எந்த வடிவத்தில் கைக்கு வரும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஸ்டுடியோவும் ரசீதில் எழுதுவதில்லை. ஓடாத வீடியோவைக் கொடுப்பது பொருளைக் கொடுக்காததற்குச் சமம் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் இன்னும் வரவில்லை.

இதைத் தலையெழுத்து என்று விடாமல் கேள்வி கேட்க வேண்டுமென்றால், பென்டிரைவுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபுல் எச்டி படத்தில் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 1920-க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் குறிக்க 3 பைட். நொடிக்கு 25 சட்டங்கள். சுருக்காமல் அப்படியே எழுதினால் நொடிக்கு 155 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 ஜிபி. ஊஞ்சல் முடிவதற்குள் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிடும். ஆகவே கேமரா அதைச் சுருக்குகிறது. டிவி அதை விரிக்கிறது. சுருக்கி விரிக்கும் அந்த விதிமுறைக்குத்தான் கோடெக் என்று பெயர். கேமரா ஒரு விதியில் சுருக்கி, டிவிக்கு அந்த விதி தெரியாவிட்டால் திரை கறுப்பு.

குழப்பத்துக்குக் காரணம் ஃபைலின் பெயர். எம்பி4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்று கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது கோடெக்கின் பெயர் கிடையாது. அது டிபன் கேரியர். ஒரே மாதிரி எவர்சில்வர் கேரியரில் ஒரு நாள் சாம்பார் சாதம் வரும், இன்னொரு நாள் உப்புமா வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எம்பி4 என்று முடியும் இரண்டு ஃபைல்களில் ஒன்றில் எச்.264 இருக்கலாம், மற்றதில் எச்.265 இருக்கலாம். ஃபைல் ஓடவில்லை என்றதும் எம்.கே.வி. என்பதை அழித்து எம்பி4 என்று பெயர் மாற்றிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் உள்ளே எதுவும் மாறுவதில்லை.

எச்.264 வந்தது 2003-ல். இன்று ஓரளவு வயதான டிவி, மலிவான செல்போன், பத்து வருட லேப்டாப் எல்லாவற்றுக்கும் தெரிந்த பாஷை அது. அதற்கு அடுத்து 2013-ல் வந்த எச்.265, அதே தரத்தைப் பாதி அளவில் அடக்கும் நோக்கத்தோடு வகுக்கப்பட்டது. 4கே வந்தபின் ஸ்டுடியோக்கள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதியாகச் சுருக்கியதை விரிக்க அதிக உழைப்பு வேண்டும். சிப்பிலேயே அதற்கான வசதி இருந்தாக வேண்டும். இல்லாத இடத்தில் படம் திக்கும், அல்லது வரவே வராது.

இதில் 2017-ன் இரண்டு மாதங்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 11 மூலம், ஐபோன் 7 முதலான போன்கள் சொல்லாமலேயே எச்.265-ல் வீடியோ எடுக்கத் தொடங்கின. அடுத்த மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில், புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களிலிருந்து எச்.265-ஐ விரிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. வேண்டுமானால் ஸ்டோரில் தனியாக வாங்கிக்கொள்ளலாம், ஏறத்தாழ ஒரு டாலர். ஒரு பக்கம் எல்லார் போனும் புதுப் பாஷையில் எழுத ஆரம்பித்த அதே பருவத்தில், மறுபக்கம் படிக்கும் கண்ணாடியை விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி உரிமத் தொகைக் கணக்கு.

எச்.265-க்கு உள்ளே பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் வசூலிக்க ஒரு கூட்டமைப்பு போதாமல் மூன்று தனித்தனியாகக் கிளம்பின. கருவி செய்பவர்கள் யாருக்கு எவ்வளவு கட்டுவது என்று தலையைச் சொறிந்தார்கள். 2025-ல் எச்.பி., டெல் நிறுவனங்கள் தங்கள் சில லேப்டாப் மாடல்களில், சிப்பிலேயே இருக்கும் எச்.265 வசதியை முடக்கி விற்பது செய்தியானது. ஆக, உங்கள் கருவி ‘பழசு’ என்பதால்தான் ஓடவில்லை என்ற வாதமும் அடிபட்டுப் போகிறது. புத்தம் புதிய லேப்டாப்பிலும் ஓடாமல் போகலாம். இந்த உரிமத் தொகைச் சண்டையில் சலித்துத்தான் கூகுள், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை 2015-ல் கூட்டணி சேர்ந்து, உரிமத் தொகை கேட்காத ஏவி1 என்ற கோடெக்கை 2018-ல் கொண்டுவந்தன. யூடியூபில் அது ஓடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர இன்னும் நாளாகும்.

வாட்ஸ்அப்பில் இதே விஷயம் தலைகீழாக நடப்பதைக் கவனித்திருக்கலாம். சாதாரண வீடியோவாக அனுப்பினால் மங்கலாகப் போய்ச் சேர்ந்தாலும் பாட்டியின் பழைய போனிலும் ஓடுகிறது. தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அங்கே திறப்பதில்லை. முன்னதில் வாட்ஸ்அப் தன் விருப்பப்படி எல்லாருக்கும் புரியும் கோடெக்குக்கு மாற்றி அனுப்புகிறது. பின்னதில் ஐபோன் எழுதியதை அப்படியே தள்ளிவிடுகிறது.

சித்திரை வீதிக்கும் உத்திர வீதிக்கும் இந்தத் தலைவலி பரம்பரைச் சொத்து. 1980-களிலும் 90-களிலும் ஸ்ரீரங்கத்திலிருந்து நியூஜெர்சிக்குப் பறந்த விஎச்எஸ் கேசட்டுகளை நினைவிருப்பவர்கள் சொல்வார்கள். இந்தியாவில் பால் முறை, 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டம். அமெரிக்காவில் என்டிஎஸ்சி, 525 கோடுகள், ஏறத்தாழ 30 சட்டம். தங்கை கல்யாணத்தைப் பார்க்க, அங்கே காசு கொடுத்து கேசட்டை மாற்றி எடுத்தார்கள். அப்போதாவது இரண்டு நாட்டுக்கு இடையில் இருந்த தகராறு. இப்போது ஹாலில் இருக்கும் டிவிக்கும் படுக்கையறையில் இருக்கும் லேப்டாப்புக்கும் இடையில்.

கோடெக் எப்படி வேலை செய்கிறது என்பதைத் திருச்சிக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்கூடாகப் பார்க்கிறார்கள். அதுதான் என்று தெரியாமலேயே. மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி. விடியலுக்கு முன்னே ரத்னாங்கியில் நம்பெருமாள் புறப்பாடு, பரமபத வாசல் திறப்பு. நேரலையில் வீட்டிலிருந்தே சேவிப்பவர்கள் லட்சக்கணக்கில். மண்டபம் காலியாக இருக்கும்வரை தூண் தூணாகத் தெளிவாக இருக்கும் படம், கதவு திறந்து “ரங்கா, ரங்கா” என்று கூட்டம் அலைமோதும் அந்த நொடியில் கட்டம் கட்டமாக உடைகிறது. பெருமாள் முகத்தில் சதுரங்கப் பலகை.

காரணம் கேமராமேனின் கவனக்குறைவு இல்லை. கோடெக் ஒவ்வொரு சட்டத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒன்றை முழுப் படமாக எழுதும். அடுத்து வருபவற்றில் ‘முன்னதிலிருந்து எது மாறியது’ என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். கல்தூண் நகராது, அதற்கு எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் மேலே எழும்போது, பூ தூவும்போது, தீவட்டிப் புகை சுழலும்போது, எல்லாமே மாறுகிறது. ஊகிக்க முடியாத காட்சி அது. நொடிக்கு இவ்வளவுதான் என்று கொடுக்கப்பட்ட அளவுக்குள் அதை அடக்க, கோடெக் நுணுக்கங்களை வீசிவிட்டுப் பெரிய பெரிய கட்டங்களாக நிரப்புகிறது. எச்.264-ல் அந்தக் கட்டம் 16-க்கு 16 புள்ளி. இருட்டு இதை இன்னும் மோசமாக்கும். குறைந்த வெளிச்சத்தில் கேமரா எடுக்கும் படத்தில் துகள் துகளாக இரைச்சல் இருக்கும், கோடெக் அதையும் அசைவு என்றே எண்ணி மாய்ந்து போகும்.

கூடவே, அந்த நேரத்தில் கோயிலுக்குள் இருக்கும் அத்தனை போன்களும் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும். செல்போன் இணைப்பை நம்பி நேரலை செய்பவர்களுக்கு, மிக அதிகமான அளவு தேவைப்படும் நொடியில் மிகக் குறைவான வழியே கிடைக்கிறது. தனி ஃபைபர் இணைப்பும், இரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம் என்ற அமைப்பும் இருந்தால் உடைந்த படம் உடனே தேறிவிடும். கேமராவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே அடுத்த ஏகாதசிக்குச் சேவை தெளிவாகும். நேரலைக்கு அமர்த்தும்போது பேச வேண்டிய விஷயம் இது. எத்தனை கேமரா, டிரோன் உண்டா என்பதோடு நின்றுவிடுகிறோம்.

ஸ்டுடியோக்காரர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் பாடும் லேசுப்பட்டதல்ல.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பெரிய கேமரா, ஒரு டிரோன், மணப்பெண்ணின் தோழி எடுத்த ஐபோன் வீடியோ என்று நான்கு திசையிலிருந்து ஃபைல்கள் வந்து குவிகின்றன. பெரிய கேமரா நொடிக்கு 25 சட்டம், போன் 30. போனின் 30-ம் நிலையாக இருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 28, சூடானால் 24 என்று தன் இஷ்டத்துக்கு மாறும். எடிட்டிங் மென்பொருள் அதை நிலையான 30 என்று எடுத்துக்கொண்டால், முதல் நிமிடத்தில் தெரியாத பிசகு அரை மணி நேர ஊர்வலத்தில் பெரிதாகும்: தவில்காரர் கை கீழே இறங்கிய பிறகு அடி கேட்கும். எடிட்டர்கள் இதை ‘சிங்க் போயிடுச்சு’ என்பார்கள். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சட்ட எண்ணிக்கையை நிலையாக்கி மாற்றியபின் எடிட்டிங்கில் இறக்கினால் தீர்ந்தது. இதைச் செய்யாமல் ஒலியை வெட்டி வெட்டி நகர்த்தி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு சங்கதி, புதுக் கேமராக்கள் எடுக்கும் 10-பிட் படம். நிறத்தைத் திருத்த வசதியாக இருக்கும் என்று அதை வாங்குகிறார்கள், நியாயம். ஆனால் 10-பிட் எச்.264-ஐப் பெரும்பாலான கிராஃபிக்ஸ் கார்டுகளும் டிவிகளும் நேரடியாக விரிக்காது. எடிட்டிங் கம்ப்யூட்டரில் டைம்லைன் நத்தையாய் ஊர்கிறது. சிறிய நகல் ஃபைல்களை, பிராக்ஸி என்பார்களே, அவற்றை வைத்து வெட்டிவிட்டுக் கடைசியில் மூலத்தோடு இணைப்பது வழி. ஏற்றுமதி செய்யும்போது அதே 10-பிட்டிலேயே ரெண்டர் போட்டுக் கொடுத்துவிடுவதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. ‘எங்க சிஸ்டத்துல ஓடுது’ என்பது உண்மைதான். அந்த சிஸ்டம் பல லட்ச ரூபாய். மாமா வீட்டு டிவி அப்படியில்லை.

டிரோன் பேட்டரி திடீரென்று செத்தாலோ, ரெக்கார்டிங் நடுவே கரண்ட் போனாலோ வரும் ஃபைல் எதிலுமே திறக்காது. பதறி கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. எம்பி4 ஃபைலில் எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாமல் போனால் படம் முழுக்க உள்ளேயே இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. அதே கேமராவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரும் அன்ட்ரங்க் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. நேரலையைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்பவர்கள் எம்.கே.வி.யில் பதிவு செய்வது இதனால்தான். நடுவில் அறுந்தாலும் அதுவரை எடுத்தது பிழைக்கும். பிறகு தரம் குறையாமல் எம்பி4-க்கு மாற்றுவது சில நிமிட வேலை.

ஒலி வராமல் போவதற்கும் கதை இதேதான். படத்துக்கு ஒரு கோடெக், ஒலிக்கு வேறொன்று. தியேட்டர் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய டிடிஎஸ் என்ற பெயர் ஒலிக் கோடெக்குகளில் ஒன்று. அதற்கும் உரிமத் தொகை உண்டு என்பதால் சில டிவி நிறுவனங்கள் இடையில் அதைக் கைவிட்டன. ஏஏசி என்ற ஒலி வடிவத்தில் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. பென்டிரைவே தெரியாமல் போவது இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத வேறு சிக்கல்: பழைய டிவிகளுக்கு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ்தான் தெரியும், அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நொடிக்கு 20 மெகாபிட் வீதம் இரண்டு மணி நேர முகூர்த்தம் 18 ஜிபி வரும். துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

கல்யாண வீடியோ ஓடாவிட்டால் மனக்கசப்போடு போகும். ஓடியே ஆக வேண்டிய வீடியோக்களும் ஊரில் இருக்கின்றன.

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியில் சுவரைத் துளைத்து நுழைந்தவர்கள் பல கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றார்கள். விலங்கு முகமூடி அணிந்த இரண்டு உருவங்கள் நகைகளை எடுக்கும் சிசிடிவி காட்சியை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு சிங்காரத்தோப்பிலும் பெரிய கடை வீதியிலும் கேமரா இல்லாத கடை என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். ஆனால் எத்தனை கடைக்காரர்களுக்குத் தங்கள் டிவிஆர் பெட்டியிலிருந்து பத்து நிமிடக் காட்சியை எடுத்துத் தரத் தெரியும்? பல பெட்டிகள் பதிவைத் தங்கள் நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் எழுதுகின்றன. அந்த நிறுவனத்தின் பிளேயர் இல்லாமல் திறக்காது. அவசரத்துக்குக் கடைக்காரர் திரையையே செல்போனில் படம் பிடித்துக் கொடுக்கிறார். நேரமும் தேதியும் மங்கிப்போகின்றன.

நீதிமன்றத்தில் இது பெரிய விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், 63-ஆவது பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் கேட்கிறது. ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணும் அதில் இருக்க வேண்டும். எல்லாரும் பார்க்கட்டும் என்று ஃபைலை எம்பி4-க்கு மாற்றினால் அந்த எண் அடியோடு மாறிவிடும். மூலத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதை ஓட்டும் பிளேயரையும் சேர்த்து நகலெடுத்து, பார்ப்பதற்கு மட்டும் தனியாக ஒரு எம்பி4 தயாரிப்பதே சரியான முறை. காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. 18 மாதம் கழித்துப் பெட்டியை விற்ற நிறுவனமோ அதன் பிளேயரோ இல்லாமல் போனால், பதிவு இருந்தும் பயனில்லை. கேமரா வாங்கும் டெண்டர்களில் எத்தனை மெகாபிக்சல் என்பதோடு, எந்தப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியும் என்பதும் நிபந்தனையாக வர வேண்டும்.

ஓடாத வீடியோவுக்கு ஊரறிந்த கைவைத்தியம் விஎல்சி. 1996-ல் பாரிஸில் மாணவர்கள் கல்லூரி வேலையாகத் தொடங்கி, 2001-ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிட்ட மென்பொருள். ஆரஞ்சுக் கூம்புச் சின்னம். பெரும்பாலான கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அதன் அதிகாரபூர்வத் தளத்தை 2022 பிப்ரவரி முதல் அரசுத் தடையால் இந்தியாவில் திறக்க முடியவில்லை. தளத்தை நடத்துபவர்களுக்கு முன்னறிவிப்பு கிடையாது. வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு அந்த நவம்பரில்தான் தடை நீங்கியது. ஒரு மென்பொருளை அதன் சொந்த வீட்டில் போய் வாங்காதே என்று அரசு கதவைச் சாத்தினால், ஜனங்கள் போலித் தளத்துக்குத்தான் போவார்கள். இதைக் கூடவா யோசிக்கவில்லை?

போலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 2005-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ‘இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை நிறுவுங்கள்’ என்று வேஷம் போட்டு வந்தது ஸ்லாப் என்ற டிரோஜன். படம் பார்க்கும் ஆவலில் ஓகே சொன்னவர்களின் கம்ப்யூட்டருக்குள் வேறு பல வியாதிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அந்த வேஷம் இன்னும் கலையவில்லை. பிரவுசரில் வீடியோ ஓடாமல், கோடெக் பேக் ஒன்றை இறக்கச் சொல்லி ஜன்னல் திறந்தால் மூடிவிட்டுப் போவதே உத்தமம்.

எல்லா இடத்திலும் ஓடும் ஒரே வடிவம் சாத்தியமா என்று கேட்பவர்கள் பக்கத்துத் தியேட்டருக்குப் போய்ப் பார்க்கலாம். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002-ல் கூடி, 2005-ல் டிஜிட்டல் சினிமாவுக்கு ஒரு பொது விதி எழுதின. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாக ஜேபெக் 2000 முறையில் சுருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. சென்னையின் கியூப் நிறுவனம் முதல் டொராண்டோ தியேட்டர்வரை அந்த விதிதான். திருச்சியில் ஓடும் அதே பொதி கனடாவிலும் ஓடும். ரிலீஸ் அன்று முதல் காட்சி தாமதமாகிறது என்றால், தயாரிப்பாளர் பாக்கி வைத்து, படத்தைத் திறக்கும் ‘கீ’ வராமல் இருக்கும். கோடெக் தகராறாக இருக்காது. பணம் போடுபவர்கள் அழுத்தம் கொடுத்த இடத்தில் பொது வடிவம் வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்காரரும் பணம் போடுபவர்தான். அழுத்தம்தான் கொடுப்பதில்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்க வேண்டியது இது: முழு வீடியோ எம்பி4, எச்.264, 8-பிட், ஒலி ஏஏசி, 1080 அளவில் ஒரு நகல். 4கே மூலம் தனியாக ஹார்ட் டிஸ்க்கில். ஸ்டுடியோவுக்கு இதனால் கூடுதலாக ஒரு ரெண்டர், ஓர் இரவு கம்ப்யூட்டர் ஓட வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை. ஏற்கெனவே கையில் ஓடாத பென்டிரைவ் இருப்பவர்கள், விஎல்சியில் அதைத் திறந்து கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் உள்ளே எந்தக் கோடெக் என்று தெரியும். எச்.இ.வி.சி. என்றோ எச்.265 என்றோ காட்டினால், ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். வீட்டுப் பிள்ளை ஒரு மாலையில் முடித்துவிடுவான். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மேட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதை வைத்துக்கொண்டால், பெரும்பாலான வீடியோக்கள் எச்.264-லேயே பதிவாகும். இடம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஸ்டுடியோக்காரருக்கும் ஒரு யோசனை. மூன்று மணி நேரப் படத்தை முழுதாக ரெண்டர் போட்டு, பட்டுத்துணியில் சுற்றி, பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு நிமிடத் துண்டை அதே அமைப்பில் எடுத்து, வாடிக்கையாளர் வீட்டு டிவியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். படமும் சத்தமும் ஒழுங்காக வந்துவிட்டது என்று அவர்கள் சொன்னபிறகு மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.